ஆர்வமிழந்தவர்களை வடிகட்டிய வரலாறு

உலகத்தில் துன்பத்தை ஒழிக்க இரண்டே வழிகள்தான் உண்டு. துன்பப்படுகிறவர்களுக்கு உதவுவது ஒன்று. துன்பப்படுகிறவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது மற்றொன்று. முதல் வழியில் போன மகான்கள் எல்லோரும் பாதியில் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது வழியை எங்கள் நிறுவனம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்பாகவே நிறைவேற்றி முடித்தது. அந்தத் திருப்பணியில் விசைப்பலகையைத் தட்டியவன் நான் என்பதைப் பணிவுடன் பதிவு செய்துகொள்கிறேன்.

எங்கள் நிறுவனம் காது கேட்கும் கருவி விற்கிறது. வாங்கியவர்களின் பெயர், முகவரி, கருவியின் எண், அவர்களோடு பேசிய பேச்சு எல்லாம் ஒரு மென்பொருளுக்குள் இருக்கின்றன. அந்த மென்பொருளுக்கு ஏபிஐ என்று ஒரு வாசல் உண்டு. வாசலில் நின்று நிபந்தனையைச் சொன்னால், அதற்குப் பொருந்துகிறவர்களை மட்டும் வெளியே அனுப்பும். இதற்கு வடிகட்டுதல் என்று பெயர். இதைத்தான் நான் மாலை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

“வடிகட்டி தப்பே பண்ணாதுப்பா. நீ என்ன கேட்டியோ அதைத்தான் குடுக்கும். தப்பு வந்துச்சுன்னா போய்க் கண்ணாடியில பாரு” என்று எங்கள் ஆசிரியர் சொல்லியிருந்தார். அதிலிருந்து எதைச் செய்தாலும் மறுபடி மறுபடி சரிபார்ப்பேன். சரிபார்த்தது சரிதானா என்று பிறகு ஒரு சந்தேகம் வரும். அதையும் எழுதி வைப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் ‘அவசர உயர்மட்டக் கூட்டம்’ கூட்டினார். உயர்மட்டம் அவர். கூட்டம் என்பது நானும், வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்கிற அறையில் இருக்கும் அக்காவும்.

“வெள்ளிக்கிழமை தலைமை ஆபீஸ்லருந்து மேடம் வர்றாங்க. வாடிக்கையாளர் திருப்தி அறுபத்தொரு சதவீதத்துல நிக்குது. இதை வச்சிக்கிட்டு அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

“ரிப்பேருக்கு வந்து கிடக்கிற மிஷினையெல்லாம் சரி பண்ணிக் குடுத்தா தானா ஏறிடும் சார்” என்றார் அக்கா.

“வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு சொன்னேன்மா.”

அக்கா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டார்.

மேலாளர் எழுந்து வெள்ளைப் பலகையில் ஒரு புனலை வரைந்தார். அது புனல் போலவும் இருந்தது, கவிழ்த்த குடை போலவும் இருந்தது. “திருப்தி குறைவா இருக்கிறது பிரச்சினையே இல்ல. திருப்தி இல்லாதவங்க நம்ம கணக்குக்குள்ள இருக்காங்க பாருங்க, அதான் பிரச்சினை. யாரு உண்மையான வாடிக்கையாளர்? நம்மகிட்ட ஆர்வமா இருக்கிறவங்க. ஆர்வத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாம நலம் விசாரிச்சுப் போன் பண்றோம். எடுக்கிறவங்களுக்கு ஆர்வம் இருக்கு. மூணு தடவை பண்ணியும் எடுக்கலைன்னா, ஆர்வமிழந்தவர். தம்பி, இதுக்கு ஒரு வடிகட்டி எழுது.”

எனக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. “சார், நம்ம வாடிக்கையாளர்களுக்குக் காது கேக்காதே?”

“நம்ம கருவியைப் போட்டிருக்காங்கல்ல? அப்போ கேக்கும். கேட்டும் எடுக்கலைன்னா ஆர்வமில்லைன்னுதானே அர்த்தம்?”

“கருவி ரிப்பேரா இருந்தா?”

“ரிப்பேரா இருந்தா போன் பண்ணிச் சொல்லியிருப்பாங்களே!”

இந்தத் தர்க்கத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். எந்தப் பக்கமும் கதவில்லை.

“குறுஞ்செய்தி அனுப்பிப் பாக்கலாமா சார்?” என்று கேட்டேன்.

மேலாளரின் முகம் வாடிவிட்டது. நிறுவனத்தை நான் தெருவில் வைத்துத் திட்டிவிட்டது போலப் பார்த்தார். “நாம காது கம்பெனி. நாமளே எழுத்துல பேசினா, நம்ம கருவிமேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாது? எங்கேயும் எழுதிக் காட்டக் கூடாது, சைகை காட்டக் கூடாது. குரல். குரல்தான் நம்ம கொள்கை.”

கூட்டம் கொள்கையை ‘ஒருமனதாக’ ஏற்றுக்கொண்டது. மனம் அவருடையது.

வடிகட்டியை எழுதினேன். போனை எடுத்தவர்கள் மட்டும் ‘உயிர்ப்புள்ள வாடிக்கையாளர்’ என்று வந்து நின்றார்கள். திருப்தி தொண்ணூற்றெட்டு சதவீதம். மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கைதட்டினார். பழுது பார்க்கும் கவுண்ட்டரின் திரையும் அதே வாசலிலிருந்துதான் தகவல் எடுக்கிறது என்பதால், என் வடிகட்டியை அங்கேயும் மாட்டச் சொன்னார். “எல்லாத் திரையும் ஒரே உண்மையைப் பேசணும்” என்றார்.

நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி நிபந்தனையைத் தலைகீழாகத் திருப்பி, யாரெல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று பார்த்தேன். ஏறக்குறைய எல்லோருடைய குறிப்பிலும் ஒரே வரிதான் இருந்தது: கருவி வேலை செய்யவில்லை. ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னேன்.

“சார், விழுந்தவங்க எல்லாருமே ரிப்பேர்னு சொன்னவங்க.”

“பாத்தியா? அப்போ வடிகட்டி சரியா வேலை செய்யுது.”

திரும்பி வரும்போது அக்கா தன் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. “மணிச் சத்தம் கேக்காதவங்களுக்கு நாள் பூரா மணி அடிக்கிறேன். அதுக்கு ஒரு மாசச் சம்பளம். நம்ம ரெண்டு பேருக்கும் நரகத்துல பக்கத்துப் பக்கத்து சீட்டு போட்டு வச்சிருப்பாங்கடா” என்றார்.

விழுந்தவர்களில் ஒருவர் என் அத்தை.

நான் தங்கியிருப்பது அத்தை வீட்டில். அப்பாவின் தங்கை. ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் கவுண்ட்டரில் வேலை. நோயாளிகள் சொல்கிற பெயரையும் உபாதையையும் கேட்டு, எந்த டாக்டர் என்று அனுப்பிவைக்க வேண்டும். வலது காதில் எங்கள் கருவி. இடது காது சின்ன வயதிலேயே ஓய்வு பெற்றுவிட்டது. கருவி சில வாரங்களாக வாய் திறக்கவில்லை. உத்தரவாதம் இன்னும் முடியவில்லை என்பதால் அதை எடுத்துக்கொண்டு அன்று மதியம் எங்கள் கவுண்ட்டருக்கு வந்திருக்கிறார். அங்கே திரையில் அவர் இல்லை. திரையில் இல்லாதவரின் கருவியைக் கையில் வாங்கக் கூடாது என்பது விதி.

செவ்வாய் மாலை வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனேன். அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தன் குரல் தனக்கே கேட்காததால் மாடிவீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துப் பேசுவார்.

“உங்க கம்பெனி எனக்குப் போன் பண்ணுச்சாமே! கவுண்ட்டர்ல பக்கத்துல நின்னவரு எழுதிக் காட்டினாரு. குக்கர் சத்தமே கேக்கல, போன் சத்தம் எப்படிடா கேக்கும்? மூளை இருக்கிறவன் எவனாவது இப்படி ஒரு சட்டம் போடுவானா?”

அந்த எவன் அடுப்படியில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

நான் கைப்பேசியில் தட்டி அவரிடம் காட்டினேன்: ‘ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்?’

“நேத்து ஒருத்தர் கழுத்து வலின்னாரு. வயித்து வலின்னு நினைச்சு வயித்து டாக்டர்கிட்ட அனுப்பிட்டேன். அவரு பாவம், அரை நாள் உக்காந்துட்டுத் திரும்பி வந்தாரு. சூப்பர்வைசர் சொல்லிட்டாரு, திங்கக்கிழமை மிஷினோட வாங்க, இல்லைன்னா கீழ்த்தளத்துல துணிக் கிடங்குக்குப் போங்கன்னு. படுக்கை விரிப்பு மடிக்கணும். அங்க ஒரு ஜன்னல்கூடக் கிடையாதுடா. நாள் முழுக்க ஒரு மனுஷ முகம் பாக்க முடியாது.” குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “நீ அந்தக் கம்ப்யூட்டர்லதானே இருக்க? என்னைத் திரும்ப உள்ள போட முடியாதா?”

போட முடியும். ஒரே ஒரு வரி. ஆனால் உறவினரின் பதிவைத் தொட்ட ஊழியருக்கு அன்றே வேலை போகும் என்று எங்கள் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறது. நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. இதையும் தட்டிக் காட்டினேன்.

அத்தை அதைப் படித்துவிட்டு, “அப்போ தொடாத. நானே நேர்ல வந்து கேக்குறேன்” என்றார்.

மறுநாள் மேலாளரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். ஆர்வமிழந்த ஒருவர் மறுபடி ஆர்வம் கொள்ள வழியுண்டா? தாராளமாக உண்டு என்றார். நிறுவனம் ஓர் உறுதிப்படுத்தும் அழைப்பு விடுக்கும். அதை எடுத்து, அதில் சொல்லப்படும் நான்கு இலக்க எண்ணைத் தம் குரலிலேயே திருப்பிச் சொன்னால் போதும்.

“காது கேக்கலைன்னா சார்?”

“முதல்ல மிஷினை ரிப்பேர் பண்ணிக்கச் சொல்லு.”

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலக மேடம் வந்தார். காட்சியறை துடைக்கப்பட்டிருந்தது. சுவர் அகலத் திரையில் தொண்ணூற்றெட்டு பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது. மேலாளர் புனலின் தத்துவத்தை விளக்கினார். மேடம் ரசித்துக் கேட்டார். “மத்த கிளைகள்ல எல்லாம் புகாரைத் தீர்க்கிறதுக்கு ஆள் கேக்கிறாங்க. இங்க புகாரே இல்ல!” என்று வியந்தார். என்னைக் காட்டி, “இந்தத் தம்பிதான் எழுதினது, நிரந்தரம் பண்ணப் போறோம்” என்றார் மேலாளர்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை உள்ளே வந்தார். கருவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“இது வேலை செய்யலைங்க! உத்தரவாதம் இருக்கு! திங்கக்கிழமைக்குள்ள வேணும், இல்லைன்னா என் வேலை போயிடும்!”

கண்ணாடி அலமாரிகள் அதிர்ந்தன. மேடம் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். “என்ன இது, புகாரா?”

“இல்ல மேடம்” என்றார் மேலாளர், பதற்றமே இல்லாமல். “வாடிக்கையாளர் சொன்னாத்தானே புகார்? இவங்க வாடிக்கையாளரே இல்ல. தம்பி, நம்பரை வாங்கிப் பாரு.”

அத்தை காட்டிய அட்டையிலிருந்த எண்ணைத் தட்டினேன். அது எனக்கு மனப்பாடம். ஆனாலும் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். திரை யோசித்தது. பதிவு எதுவும் இல்லை என்றது.

“இருக்காங்களா தம்பி?” என்று மேடம் கேட்டார்.

வடிகட்டியை எடுத்துவிட்டுத் தேடினால் கிடைப்பார் என்று சொல்லியிருக்கலாம். வாக்கியம் தயாராகவே இருந்தது. அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்ல மேடம்” என்றேன்.

“என்ன சொல்றீங்க? எனக்குக் கேக்கல. எழுதிக் காட்டுங்க!” என்றார் அத்தை.

மேலாளர் தயங்கினார். கொள்கை குறுக்கே நின்றது. மேடம்தான் பெருந்தன்மையோடு, “வாடிக்கையாளர் இல்லைன்னா எழுதலாமே, தப்பில்ல” என்றார். மேலாளர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

‘உங்கள் பதிவு எங்களிடம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அத்தை நிதானமாகப் படித்தார். என்னைப் பார்த்தார். என் சட்டைக் காலர் மடங்கியிருந்தது போலிருக்கிறது, அவர் கை ஒருமுறை பாதிவரை உயர்ந்து திரும்பியது.

“சரிங்க தம்பி. நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார், முன்பின் பார்த்திராத ஒருவரிடம் பேசுகிற மரியாதையோடு. கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை முதல் அத்தை படுக்கை விரிப்பு மடிக்கிறார். எனக்கு நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. வடிகட்டியை மற்ற கிளைகளுக்கும் அனுப்பப் போகிறார்கள். அதைப் பற்றிப் பாராட்டாக ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னதால்தான் இவ்வளவும் எழுதினேன். ஒரு தகவல் விட்டுப்போயிற்று. அன்று அந்த அறையில், அத்தையைத் தவிர, எங்கள் எல்லோருக்கும் காது மிக நன்றாகக் கேட்கும்.