மலைச்சுனைப் பாயிண்ட்டும் பேரத்தில் தோற்காத கீரியும்

ஓய், சாப்பாடு இலவசம் என்று கூப்பிட்டு, இலையைப் போட்டு, கை கழுவுவதற்குள் கையெழுத்தை வாங்கினீரே, உம்மைத்தான்! முகத்தைத் திருப்பாதேயும். உம்மால் ஒரு குடும்பம் அடைமழையில் அரைவயிற்றோடு கிடந்தது. மிருகத்தின் மேல் ஏற்றிச் சொன்னால்தான் உமக்கு உறைக்குமென்றால், கேளும்.

ஒரு காட்டில் வீரணன் என்று ஒரு கீரி இருந்தது. பேரத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. குடியிருந்த புற்றையே பாம்பிடம் பாதி விலைக்குப் பேசி வாங்கியது. "சொன்ன விலைக்கு வாங்குறவன் சோத்துக்குச் செத்தவன்" என்பது அதன் வேதம். அதன் பெண்சாதி ராக்கு மழைக்காலத்துக்கென்று புற்றுக்குள் முட்டை சேர்த்து வைக்கும். தன்னுடையது என்று தெரிய ஒவ்வொரு ஓட்டிலும் நகத்தால் ஒரு கீறல் போடும். மழை பிடித்தால் வெளியே தலை நீட்ட முடியாத காடு அது. அந்த முட்டைகள்தான் உயிர்.

அங்கே ஒரு கொக்கு வந்து பந்தல் போட்டது. ஒற்றைக்காலில் நின்றுதான் பேசும். பார்த்தால் தவம் மாதிரி இருக்கும். "விருந்துக்கு வாங்க. வாங்கியே ஆகணும்னு இல்லை. ஆனா புருஷன் பெஞ்சாதியாத்தான் வரணும்" என்று ஒவ்வொரு வளையாகப் போய் அழைத்தது.

வீரணனும் ராக்குவும் போய் ஆளுக்கோர் அவித்த முட்டை தின்றன.

"மலைச்சுனையில நம்ம தங்குமிடம் இருக்கு. பாயிண்ட் வாங்கிட்டா வருஷத்துல ஒரு வாரம் உங்களுக்குத்தான், வாழ்நாள் பூரா. விலை நூறு முட்டை" என்றது கொக்கு.

"அம்பது."

கொக்கின் கண் கலங்கியது. "அண்ணே, என் சிறகைப் பிடுங்குறீங்க."

"நாப்பது. இல்லேன்னா எந்திரிச்சுருவேன்."

மேலிடத்தைக் கேட்டு வருகிறேன் என்று கொக்கு பந்தலுக்குப் பின்னால் போனது. அங்கே ஒருவருமில்லை. ஒரு மீனைப் பிடித்துத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தது. "உங்களுக்காக மட்டும். வெளியில சொல்லிராதீங்க."

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் வீரணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராக்கு மட்டும் கேட்டது: "பத்திரத்துல பராமரிப்புன்னு ஒரு வரி இருந்துச்சே, அதைப் பேசுனீங்களா?"

"அது சில்லறை. விலையைத்தான் புள்ள அடிக்கணும்."

அந்தச் சில்லறை முதல் வருஷம் பத்து முட்டை. மறுவருஷம் பதினைந்து. அதற்கடுத்து இருபது. போனாலும் கட்ட வேண்டும், போகாவிட்டாலும் கட்ட வேண்டும், செத்தால் பிள்ளை கட்ட வேண்டும். சுனைக்குப் போகலாமென்று கேட்டால், "சீசன்ல இடமில்லைண்ணே. தண்ணி வத்தினப்புறம் வாங்க" என்று பதில் வந்தது.

நாலாம் வருஷம் ராக்கு வயிற்றில் குட்டி. "இந்த மழைக்கு ஒரு முட்டையையும் தொட விடமாட்டேன். போய் அந்தப் பாயிண்ட்டுக் கழுதையை வித்துத் தொலைச்சுட்டு வாங்க" என்று வீரணனைத் தள்ளிவிட்டது.

உப்புப்பாறைச் சந்தையில் கிளி விலை கூவிக்கொண்டிருந்தது. "மலைச்சுனைப் பாயிண்ட்! போன வருஷம் இருபது முட்டை, போன மாசம் மூணு முட்டை, இன்னைக்கு எடுத்துக்கிட்டா சும்மா!" விற்க வந்தவர்களின் வரிசை அருவி வரைக்கும் நின்றது. வாங்க வந்தவர் ஒருவருமில்லை.

வரிசையில் முன்னால் நின்ற மாயழகு ஆமை கழுத்தை நீட்டித் திரும்பியது. "தம்பி, என்னோடதைச் சும்மாவே தாரேன். எடுத்துக்கிறியா?"

வீரணனுக்கு மீசை துடித்தது. விற்க வந்ததே மறந்துபோனது. "சும்மாதானா? மேல என்ன தருவீரு?"

"ரெண்டு முட்டை."

"அஞ்சு!"

"ஓட்டுக்குள்ள ஒண்ணுமில்ல தம்பி. மூணு."

"நாலு. இல்லேன்னா நடையைக் கட்டும்."

ஆமை பத்திரத்தையும் நாலு முட்டையையும் கையில் திணித்துவிட்டு ஓடியது. ஆமை ஓடி அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.

"வித்தாச்சா?" என்றது ராக்கு.

"விக்கிறதா? இன்னொண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன். விலையே இல்லை புள்ள, மேல நாலு முட்டை!"

ராக்கு முட்டைகளைப் பார்த்தது, புருஷனைப் பார்த்தது. "நாலையும் உங்க தலையில உடைக்கலாம்னு தோணுது. முட்டை வீணாப்போகுமேன்னு விடுறேன்."

மழை பிடித்த அன்றே கொக்கு இரண்டு ரசீதோடு வந்தது. புற்று காலியானது. ராக்கு மூன்று குட்டி ஈன்றது, பால் சுரக்கவில்லை.

வீரணன் நனைந்துகொண்டே பந்தலுக்கு ஓடியது. அங்கே ஓர் உடும்புத் தம்பதி விருந்தில் உட்கார்ந்திருந்தன. இலையில் அவித்த முட்டை. ஓட்டில் ராக்குவின் நகக்கீறல்.

"டேய், அது எங்க வீட்டு முட்டைடா!"

"சத்தம் போடாதீங்கண்ணே, புது ஆளுங்க" என்று கொக்கு காதோடு சொன்னது. "நூறை அடிச்சு நாப்பதுக்கு முடிச்சீங்கள்ல, அதை மட்டும் இவங்ககிட்டச் சொல்லுங்க. இவங்க கையெழுத்துப் போட்டா உங்களுக்கு அரை முட்டை."

வீரணனுக்கு மீசை துடித்தது. "அரையா? யாருகிட்டப் பேசுறே? ஒண்ணு!"

"முக்கால்."

"ஒண்ணு! இல்லேன்னா கத்துவேன்."

கொக்கின் கண் கலங்கியது. பந்தலுக்குப் பின்னால் போய் ஒரு மீனைத் தின்றுவிட்டு வந்தது. "உங்களுக்காக மட்டும்."

உடும்புகள் பாதி விலைக்கு முடித்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பக்கம் போயின. வீரணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மறுபக்கம் போனது, வாயில் ராக்கு கீறிய முட்டை ஒன்றோடு.

நீதி: பேரம் தெரியாதவன் ஊரான் பொருளை அதிக விலைக்கு வாங்குவான், தெரிந்தவன் தன் பொருளையே மலிவாக வாங்குவான்.

ஓய், ஒற்றைக்காலில் நிற்பவரே! மூன்று குட்டிக்கு ஒரு முட்டை, கேட்டீரா? அந்தக் காலைக் கீழே ஊன்றும். இரண்டு பத்திரத்தையும் கிழித்துப் போடும். மிச்ச முட்டையைக் கொண்டுவந்து புற்று வாசலில் வையும். இதில் பேரம் கிடையாது.