மேமலைத் தோட்டத்து இருகால் விலங்கு

உலக விலங்கியலுக்கு மேமலைத் தோட்டம் ஆற்றிய தொண்டு இன்னும் முறையாகப் போற்றப்படவில்லை. ஆஸ்திரேலியாவுக்குக் கங்காருவையும் மடகஸ்காருக்கு லெமூரையும் ஒதுக்கிய இயற்கை, ராகலைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்தையும் தாண்டி, ஒரு பிராணியைப் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தது. அதைக் கண்டுபிடித்த புகழ் கொழும்பிலிருந்து வந்த ஆய்வாளர் நிரோஷனைச் சேரும். கண்டுபிடிக்கப்பட்ட புகழ் மேல்கணக்குப் பிரிவின் லயத்து வரிசை வீட்டில் குடியிருந்து கொழுந்து பறிக்கும் ராக்காயியைச் சேரும்.

தேயிலைப் பெட்டியில் 'வனவிலங்குகளின் தோழன்' என்று அச்சடித்தால் வெளிநாட்டில் நன்றாக விலைபோகும் என்று கம்பனி கண்டுகொண்டது. தோழமைக்கு ஒரு விலங்கு வேண்டுமே. நிரோஷன் மரங்களில் கெமரா கட்டினார். சிறுத்தையை எதிர்பார்த்தார், தெருநாய்களும், ஒரு காட்டுப்பன்றியும், மரத்தடியில் அவசரமாக ஒதுங்கிய மேற்பார்வையாளர் கண்டாக்கையாவும் கிடைத்தார்கள். பிறகு, பனி மூடிய ஒரு மழைக்காலையில் அது வந்தது. இரண்டு கால், பளபளக்கும் கறுப்புத் தோல், முதுகில் திமில், பின்னால் இழுபடும் வால்.

ராக்காயி விறகுக்கட்டைச் சுமந்து, அதற்கும் தனக்கும் சேர்த்துக் கறுப்புப் பொலித்தீனைப் போர்த்திக்கொண்டு ஓடையில் இறங்கிய காலை அது. வால் என்பது கட்டிய கயிற்றின் மிச்சம். கால்நடையாகப் போனவளைக் கால்நடையாகவே பதிந்துகொண்டார்கள்.

படம் உலகைச் சுற்றியது. ஒரு நிபுணர் கரடிக்கு ஒன்றுவிட்ட உறவு என்றார். இன்னொருவர் பறக்க மறந்த பறவை என்றார். மூன்றாமவர் நடையை மட்டும் பார்த்துவிட்டு, 'போதிய தீனி கிடைக்காத இனம்' என்று எழுதினார். அவர் ஒருவர்தான் உண்மைக்குக் கிட்ட வந்தார்.

காலையில் பெரட்டுக்கு எல்லாரும் கூடி வேலை பிரிக்கும் நேரத்தில் கண்டாக்கையா போனில் படத்தைக் காட்டி எச்சரித்தார். ராக்காயி தன் கயிற்றை அடையாளம் கண்டாள். வெட்கமாகப் போயிற்று. ஆபீசில் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பியவளைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா மறித்தார்.

"பேசாம இரு புள்ள. அதுக்கு ஓடையில பாலம் கட்டப்போறாங்களாம்."

பேசாமல் இருந்தாள். அந்தப் பாலத்தைக் கேட்டுக் கேட்டு லயமே அலுத்துப்போயிருந்தது. போன மாரியில் பக்கத்து வீட்டுப் பூரணிக்கு வலி கண்டபோது, ஆஸ்பத்திரிக்குப் போக வெள்ளம் வடியட்டும் என்று இக்கரையிலேயே காத்து நின்றார்கள். பிள்ளை அங்கேயே பிறந்தது, தங்கவில்லை. ஆபீஸ் ஆழ்ந்த அனுதாபத்தோடு 'பரிசீலிப்பதாக'ச் சொன்னது.

விலங்கு விஷயத்தில் ஆபீஸ் பரிசீலிக்கவில்லை, கட்டியது. உறுதியான மரப்பாலம், இருபக்கமும் கைப்பிடி. விலங்குக்குக் கைப்பிடி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. முகப்பில் பலகை: 'விலங்குகளுக்கு மட்டும். மனித நடமாட்டம் தடை.' பக்கத்தில் தினமும் மரவள்ளிக்கிழங்கு வைத்தார்கள். ராக்காயி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அவித்துத் தின்றுவிட்டு, மறுநாள் போகிற வழியில் அவிந்த தோலை எறிந்தாள். அவித்துத் தின்னும் முதல் விலங்கு இதுவே என்று நிரோஷன் பரவசத்தோடு அறிவித்தார்.

அவளும் தன் பொறுப்பை உணர்ந்து நடந்தாள். கெமராவுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் கூனினாள். வாலைத் தாராளமாக நீட்டிவிட்டாள். லயத்து ஆட்கள் மட்டும் பலகைக்குப் பயந்து பழையபடி தண்ணீரிலேயே இறங்கினார்கள்.

ஐப்பசி மழையில் பூரணிக்கு மறுபடி வலி கண்டது. ஓடை இரைந்துகொண்டிருந்தது. ராக்காயி யோசிக்கவில்லை. பூரணிக்கும் ஒரு பொலித்தீனைப் போர்த்தி, இடுப்பைப் பிடித்து, பாலத்தில் ஏற்றிவிட்டாள். அக்கரைப் புதருக்குள், விலங்கை நேரில் தரிசிக்கக் குந்தியிருந்தார் நிரோஷன். ஜோடியாக வருவதைக் கண்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது ஜோடியில் ஒன்று சுத்தமான தமிழில் "அம்மா" என்று முனகியது.

ராக்காயி பொலித்தீனை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் ராக்காயிங்க, மேல்கணக்கு. இது பூரணி, வலி கண்டிருக்கு. ஒங்க வேன் எங்க நிக்குது?"

ஆராய்ச்சி சரிந்தாலும் மனிதர் சரியவில்லை. வேனைத் தானே ஓட்டினார். வழியில் ஒன்றுதான் கேட்டார், எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறார்கள் என்று.

"இருநூறு வருசமாங்க," என்றாள் ராக்காயி. "ஒங்க கெமராவுலதான் மொதமொதலா விழுந்தோம்."

ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. வார்டு அதிரக் கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் ராக்காயி நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

மறுநாள் தோட்டத்தை நிர்வகிக்கும் தொர அவளைக் கூப்பிட்டு, விலங்காக ஏன் நடித்தாய் என்று விசாரித்தார்.

"நடிக்கலீங்க தொர. பொம்பளையா வந்துதான் பாலம் கேட்டோம், நீங்க நிமிந்து பாக்கல. பாலத்தை மட்டும் விட்டுருங்க."

ஆபீஸ் கூடி ஆராய்ந்தது. பாலம் விலங்குக்கானது, விலங்கு இல்லை, ஆகவே பாலம் தேவையில்லை. பலகை பலகையாகக் கழற்றினார்கள். ஆனால் தேயிலைப் பெட்டிகள் ஏற்கெனவே கப்பலேறிவிட்டன. வாங்கியவர்களுக்கு ஒரு பதில் வேண்டும். ஆகவே, மேமலைத் தோட்டத்தின் அபூர்வ இருகால் விலங்கு 'முற்றாக அழிந்துவிட்டது' என்று ஆபீஸ் மிகுந்த துயரத்தோடு அறிவித்தது.

இடுப்பளவு தண்ணீரில் ஓடையைக் கடக்கும்போது வீரய்யா அந்தச் செய்தியைச் சொன்னார். எதனால் அழிந்ததென்று மட்டும் ஆபீஸ் சொல்லவில்லையாம்.

ராக்காயி விறகுக்கட்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வாயத் தொறந்து பேசிருச்சுல்ல," என்றாள்.