மக்கள் தூதர் அரிபிரசாத் மேடைக்கு வரவும்

தட்சிணாமூர்த்தி அநீதிகளைக் காலவரிசைப்படிதான் சொல்வார். வரிசை மாறினால் அநீதிக்கு மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை.

முதலாவது: நாடு விடுதலை பெற்று வெளியுறவுக் கொள்கை வகுத்தபோது திண்டிவனத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவது: எந்த வல்லரசோடும் சேருவதில்லை என்று முடிவெடுத்தபோது விழுப்புரம் மாவட்டத்தைக் கலந்துகொள்ளவில்லை. அப்போது அப்படியொரு மாவட்டமே கிடையாது என்பதையெல்லாம் சாக்காக ஏற்க முடியாது. மூன்றாவது: கடலில் இருந்த தீவைத் தூக்கிக் கொடுத்தபோது மரக்காணத்துக்காரன் ஒருவன்கூட அந்த அறையில் இல்லை. நான்காவது: திருவக்கரைக் கல்மரங்களைப் பார்க்க வந்த வெளிநாட்டு விருந்தினரிடம் மனு கொடுக்கப் போன தட்சிணாமூர்த்தியை, விருந்தினரின் கார் திரும்பிப் போகும்வரை டீக்கடையில் உட்கார வைத்து, டீக்குக் காசையும் அவரிடமே வாங்கினார்கள்.

ஐந்தாவது அநீதியின் தாயார் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மரக்காணம் குப்பத்துக் கிளியம்மாள். மகன் அரிபிரசாத் காரைக்கால் விசைப்படகில் கூலிக்குப் போனான். இன்ஜின் நின்றது, படகு எல்லை தாண்டி ஒதுங்கியது. பொங்கலிலிருந்து பக்கத்து நாட்டுச் சிறையில் இருக்கிறான். அவனை மீட்டுத் தரச் சொல்லும் மனு அவள் மடியில் இருந்தது.

இடம், விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். 'வெளியுறவுக் கொள்கை உருவாக்கத்தில் மக்கள் பங்கேற்பு' என்று கருத்தரங்கு. இப்போது எதிலும் மக்கள் பங்கேற்பதுதான் பேஷன். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சணல் பையும் கேப்பை பிஸ்கட்டும் கொடுத்திருந்தார்கள்.

தனி அலுவலர் இருதயராஜ் வரலாறு சொன்னார். "ஆரம்பத்தில் நாம் யாரோடும் சேரவில்லை. பிறகு எல்லாரோடும் சேர்ந்தோம். இப்போது யாரோடு சேர்ந்திருக்கிறோம் என்பதை அவர்களுக்கே சொல்வதில்லை. இதுதான் வளர்ச்சி. சரி, இதில் நம் மாவட்டத்தின் பங்களிப்பு என்ன?"

"மல்லாட்டை அனுப்புறோம் சார், மூட்டை மூட்டையா வேர்க்கடலை" என்றது ஒரு குரல்.

தட்சிணாமூர்த்தி எழுந்தார். "ஆளையே அனுப்பி வச்சிருக்கோம். பேரு அரிபிரசாத்."

"அப்படியா! எங்கே தங்கியிருக்கிறார்?"

"ஜெயில்ல."

"செலவு?"

"அந்த நாட்டு அரசாங்கந்தான் சோறு போடுது."

"அரசு விருந்தினர்" என்று இருதயராஜ் குறித்துக்கொண்டார். "மொழி?"

"திட்டுறது மட்டும் புரியுதுன்னு ஒரு தபா போன்ல சொன்னான் சார்" என்றாள் கிளியம்மாள்.

"பண்பாட்டுப் பரிமாற்றம்!" இருதயராஜுக்குக் குரல் தழுதழுத்தது. "இத்தகைய தியாகசீலருக்கு 'மக்கள் தூதர்' விருது வழங்க இந்த அவை தீர்மானிக்கிறது."

"விருது இன்னாத்துக்கு சார்? புள்ள வந்தா போதும்" என்று கிளியம்மாள் எழுந்து போய் மனுவை அவரிடம் கொடுத்தாள்.

"அவர் வந்துவிட்டால் அந்த நாட்டில் நமக்கு யாரும்மா இருக்கிறார்கள்?"

தட்சிணாமூர்த்திக்கு மூளையில் மின்னல் வெட்டியது. துண்டுப் பிரசுரம் படித்தே வளர்ந்த மூளை. "விருது குடுங்க, வேணாங்கல. ஆனா நேர்ல வந்துதான் வாங்கணும்னு விதி போடுங்க!"

"அருமையான யோசனை" என்று இருதயராஜ் எழுதிக்கொண்டார்.

தட்சிணாமூர்த்தி உட்கார்ந்து கிளியம்மாள் காதருகே குனிந்தார். "ஆபீசரு மாட்டிக்கினான் பாரு. இனிமே அரசாங்கமே இட்டாந்தாவணும்."

இருதயராஜ் மைக்கைக் கையில் எடுத்தார். "மக்கள் தூதர் அரிபிரசாத் மேடைக்கு வரவும்."

யாரும் வரவில்லை. கோர்ட் வாசலில் கூப்பிடுவது போல இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறையும் கூப்பிட்டார். பிறகு, மேற்படி நபர் மும்முறை அழைத்தும் ஆஜராகாததால் அவருக்குத் தாயகம் திரும்பும் விருப்பம் இல்லையெனக் கருதி, தாயாரின் மனு முடித்து வைக்கப்படுகிறது என்று அறிவித்தார்.

"அவர் வராததை நேரில் கண்ட சாட்சிகள் கை தூக்கலாம்."

நேர்மையான ஜனம். வராதவனை வந்தான் என்று எப்படிச் சொல்வது? மண்டபமே கை தூக்கியது. காலமெல்லாம் கூட்டத்தில் முதலாவதாக எழுந்து பழகிய கை ஒன்று அன்றைக்கும் முதலாவதாக எழுந்தது. அது தன் கைதான் என்பதை தட்சிணாமூர்த்தி சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார். இறக்கப் போனார். கிளியம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எறக்காதீங்கண்ணே. அந்தக் கையாலயே மைக்க வாங்கி, நாலாந்தபா நீங்க கூப்பிடுங்க. சாட்சிங்க யாரும் கைய எறக்க வேணாம். கேட்டுக்கினு இருக்கட்டும்."

மைக் அவர் கைக்கு வந்தது. ஆறாவது அநீதியைப் பட்டியலில் யார் பேரில் சேர்ப்பது என்று யோசித்தார். எதிரே மண்டபம் முழுக்கக் கைகள். நிறுத்தி நிதானமாகக் கூப்பிட்டார்:

"மரக்காணம் கிளியம்மாள் மகன் அரிபிரசாத்!"