கயாவில் விட்ட இலை

சுருட்டை விடுவதில்லை. இந்த உறுதியோடுதான் நான் கயாவுக்குக் கிளம்பினேன்.

கயா போகிறவர்கள் அங்கே ஆலமரத்தடியில் பிதிர்களுக்குப் பிண்டம் போட்டபின், தங்களுக்குப் பிடித்ததை அங்கேயே விட்டுவிட வேண்டும். சாகும்வரை தொடக்கூடாது. யாத்திரைக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்தே என் மனைவி ஞானேஸ்வரி என் சுருட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கண்டி மாநகர சபையில் ஆயுசு முழுக்கப் பேனா பிடித்தவன் நான். எனக்கா விளங்காது?

"எனக்கு ரொம்பப் பிடிச்சது பாவக்காய். அதைத்தான் விடப்போறேன்," என்றேன்.

உலகத்தில் நான் வெறுக்கிற ஒரே காய் அது. சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி, வந்ததிலிருந்து அதைத்தான் போட்டுக் கொல்கிறாள். விட்டால் புண்ணியமும் கிடைக்கும், நாக்கும் பிழைக்கும்.

அவள் நம்பவில்லை. நம்பவைத்தேன். கேட்டு வாங்கித் தின்றேன். சட்டியை வழித்தேன். பக்கத்து வீட்டு லாபிர் நானாவைக் கூப்பிட்டு, இப்படியொரு பாவக்காய்ப் பொரியல் எங்கள் குண்டசாலை ஊரிலேயே கிடையாது என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். இவ்வளவு ஆசையா என்று ஞானேஸ்வரி பின்வளவில் பாகல் விதை ஊன்றிவிட்டாள். கொடி கூரை ஏறியது. நான் அழுகையை விழுங்கினேன். அதுவும் கசந்தது.

ரயிலில் தல புராணம் சொன்னாள். சீதை பிண்டம் போட்டதற்குச் சாட்சி கேட்டபோது ஆறு பொய் சொன்னதாம். பசுவும் பொய் சொன்னதாம். ஆலமரம் மட்டும் உண்மை சொன்னதாம். சீதை சபித்து ஆறு வற்றிப்போனது. மரம் அழியா வரம் பெற்றது.

"பொய்யே பொறுக்காத மரமுங்க," என்றாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மரத்தடியில் அப்பாவுக்குப் பிண்டம் போட்டேன். தமிழ் தெரிந்த பண்டா, அதாவது அந்த ஊர்ப் புரோகிதர், ஒருவர் என் கையில் தண்ணீர் வார்த்தார்.

"விடுற காய்?"

"பாவக்காய்." குரல் தழுதழுக்கச் சொன்னேன். நல்ல நடிப்பு.

"பழம்?"

பழமுமா? "அப்பிள்," என்றேன். பல்லில்லாதவனுக்கு நட்டமில்லை.

"இலை?"

ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை. மூன்றையும் விட வேண்டுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. யாருக்குத் தெரிந்திருந்தது என்று கேட்காதீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"புகையிலை, சாமி."

"நான் எப்ப சொன்னேன்?"

"அதைவிடப் பிடிச்ச இலை வேற இருக்குன்னா சொல்லுங்க. மரத்தைப் பாத்துச் சொல்லுங்க."

மரத்தைப் பார்த்தேன். யாத்திரைக் கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. கைத்தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகியது. சுருட்டும் அதோடு போயிற்று.

வீடு திரும்பிய முதல் காலை. வேலிக்கு அந்தப்பக்கம் லாபிர் நானா சுருட்டுப் பற்றவைத்தார். மணம் வந்தது. போகட்டும், பாவக்காயாவது ஒழிந்ததே என்று கதிரையில் சாய்ந்தேன்.

ஞானேஸ்வரி ஒரு தம்ளரை நீட்டினாள். பச்சைச் சாறு.

"பாவக் கொடி இலைங்க. சீனிக்கு இதுவும் நல்லதாம். காயைத்தானே விட்டீங்க?"

"அப்ப இந்த இலையையும் விட்டுடுறேன்."

"அதெப்படி? ஆளுக்கு ஒரு இலைதான். உங்க இலையைத்தான் அங்க விட்டாச்சே."

நிமிர்ந்து பார்த்தேன். கூரை கொள்ளாமல் இலை.