வாழைமர வேட்டை

"ஏந் தம்பி, என்ற நைட்டி உன்னை என்ன பண்ணுச்சு?"

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுச் சென்னம்மாளின் தலை தெரிந்தது. ஒரு கையில் நைட்டி, இன்னொரு கையில் அம்பு. நைட்டியின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

கௌதமன் வில்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். வில் அவனைவிட உயரம். மறையவில்லை.

"வாழைமரத்துக்குத்தாங்க உட்டேன்," என்றான்.

"மரம் உன்ற பக்கம் நிக்குது. நைட்டி என்ற பக்கம் காயுது. நடுவுல இத்தாம்பெரிய செவுரு நிக்குது. அது கண்ணுக்குத் தெரியலையா?"

கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்த அவன் அப்பா செங்கோடன், கழுத்திலிருந்து துணியில் தொங்கிய தன் வலது கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இந்தக் கை மட்டும் நல்லா இருந்தா உனக்கு இந்தப் பேச்சு வருமா சென்னம்மா?"

விவரம் இதுதான். விஜயதசமியன்று ஓமலூர்ப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய குலதெய்வம் குதிரையேறி வேட்டைக்குப் புறப்படும். கோயில் வாசலில் நட்டுவைத்த வாழைமரம்தான் வேட்டை மிருகம். சாமிக்காக அம்பு விடும் உரிமை செங்கோடன் குடும்பத்துக்கு. ஒரே அம்புதான். தவறினால் உரிமை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். ரயில்வேயில் இருந்த காலத்திலும் லீவு போட்டு வந்து அம்பு விட்டவர் செங்கோடன். இந்த வருடம் பார்த்துக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு மகனின் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீ உடலைன்னா கதிரு உடுவான். அவன் கைக்குப் போனா திரும்பி வராது கண்ணு."

கதிர், பெரியப்பா மகன். ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில் ஜிம் வைத்திருக்கிறான். அவன் புஜமே ஒரு வாழைமரம்.

கௌதமனோ இரண்டு வருடத்துக்கு முன் மனைவி வெண்ணிலா செத்துப்போனதிலிருந்து அறையைவிட்டு வருவதில்லை. கம்ப்யூட்டர் வேலை அறைக்குள்ளேயே. சாப்பாடு கதவருகே வரும். தட்டு கதவருகே திரும்பும். யார் என்ன கேட்டாலும் "ம்." தாடி மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்தது. அப்பாவின் கட்டைப் பார்த்தபோதும் அவன் சொன்னது "ம்"தான். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு செங்கோடன் பரணிலிருந்து மூங்கில் வில்லை இறக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் பார்த்தால் சூரமங்கலத்து வீட்டின் கொல்லையில் ஒரு வாழைமரம் நட்டிருந்தது.

"யாரு நட்டது?"

"ஆளு உட்டு நட்டேன். நீ அம்பை உடு."

விட்டதில்தான் நைட்டி போனது.

சென்னம்மாளுக்குப் பயந்து, அடுத்த நாள் மரம் எதிர்ச் சுவரோரம் முளைத்தது. கௌதமன் மூச்சைப் பிடித்து இழுத்தான். அம்பு வழக்கம்போல ஒரு முழம் இடப்பக்கம் போய், ஓரமாக நின்ற அப்பாவின் டி.வி.எஸ். வண்டியின் பின்சக்கரத்தில் இறங்கியது. புஸ்ஸென்று சத்தம்.

"அடப்பாவி! வண்டி போச்சே!" செங்கோடன் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார்.

"இந்தக் கையோட எங்கப்பா போகப் போறீங்க?"

செங்கோடன் மறுபடியும் உட்கார்ந்தார். "போறனோ இல்லையோ, வண்டி நல்லா நின்னா மனசுக்கு ஒரு தெம்பு."

அடுத்த அம்புக்கு நாண் தாடியில் மாட்டிக்கொண்டது. கௌதமன் போட்ட அலறலில் சுவருக்கு மேல் தலை முளைத்தது.

"வேட்டை மிருகம் கத்துதோன்னு பாத்தேன். தம்பியா?"

அன்று அவன் தாடியை எடுத்தான். கண்ணாடியில் தெரிந்த முகம் தெரிந்தவர் முகம்போல இருந்தது.

"இது பத்தாது," என்றார் செங்கோடன். "கோயில்ல மேளம் அடிப்பாங்க. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்கும். கூட்டம் இடிக்கும். அதெல்லாம் இங்கயே பழகோணும்."

போனில் மேளச் சத்தத்தை வைத்து ஸ்பீக்கரில் மாட்டினார்கள். சட்டியில் சாம்பிராணி போட்டார்கள். கூட்டத்துக்குத்தான் என்ன செய்வது என்று கௌதமன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் தானாக வந்தது. மேளம், புகை, நட்டுவைத்த மரம். தெருவே கும்பிட வந்துவிட்டது. அவன் கண்ணைக் கசக்கித் திறப்பதற்குள் சென்னம்மாள் மரத்துக்கு மஞ்சள் பூசியிருந்தாள். அடுத்த தெரு அனிதா எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க, அம்பு உடணும்," என்றான் கௌதமன்.

"பொட்டு வெச்ச மரத்துலயா? கண்ணு அவிஞ்சு போயிருமுங்க!" என்றாள் அனிதா.

"இது சாமி இல்லீங்க, மிருகம்."

"பழம் வெச்சாச்சு. இனிமே சாமிதான்."

மறுநாள் வேறு மரம் வந்தது. அதற்கும் பொட்டு வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த மரத்தை அவனே வாசலில் நின்று காவல் காத்தான். ஒவ்வொருவரையும் நிறுத்தி, இது எதற்கான மரம், அம்பு ஏன், அப்பா கைக்கு என்ன என்று முதலிலிருந்து சொன்னான். இரண்டு வருடத்துப் பேச்சு ஒரே சாயங்காலத்தில் தீர்ந்து தொண்டை கட்டிக்கொண்டது. சென்னம்மாள் சுக்குக் காப்பி கொடுத்தாள். ஓட்டை நைட்டியைச் சுவர்மேல் கொடிபோல விரித்து, "இதுக்குள்ளயே இன்னொண்ணு உடு பாக்கலாம்," என்றாள்.

வெண்ணிலா பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. அவனுக்கும் சிரிப்பு வந்தது. வந்துவிட்டதே என்று பயந்து நிறுத்திக்கொண்டான்.

மரத்தில் மட்டும் ஒரு அம்பும் தைக்கவில்லை.

விஜயதசமி வந்தது. டவுன் பஸ்ஸில் வில்லோடு ஏறி, கண்டக்டரிடமும் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கோயில் போய்ச் சேர்ந்தார்கள். சென்னம்மாளும் வந்திருந்தாள். சூரமங்கலம் மார்க்கெட்டில் வாழை விற்கும் சாலம்மாள் கொண்டுவந்த மரம் வாசலில் நின்றது. அந்த மரத்துக்கு வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி, கறுப்புக் கண்ணாடி போட்டுக் கதிர் நின்றான்.

"பக்கத்துல நிக்காதீங்க," என்றார் பூசாரி.

"இவன் உடறதுக்கு இதுதானுங்க பத்திரமான இடம்," என்றான் கதிர்.

கூட்டம் சிரித்தது. செங்கோடன் சிரிக்கவில்லை.

மேளம் உச்சத்துக்குப் போனது. புகை கண்ணைக் கரித்தது. எல்லாம் கொல்லையில் பழகியதுதான். கௌதமன் அம்பை நாணில் பூட்டினான். அப்போது கூட்டத்திலிருந்து சென்னம்மாளின் குரல் கிளம்பியது.

"தம்பி! நைட்டியைப் பறிகொடுத்தவ சொல்றேன், கேளு! நீ எப்பவும் பீச்சாங்கைப் பக்கம் ஒரு முழம் தள்ளி உடறே! இன்னைக்குச் சோத்தாங்கைப் பக்கம் ஒரு முழம் தள்ளிக் குறி வையி!"

கௌதமன் யோசித்தான். சரியாகத்தான் பட்டது. வில்லை வலப்பக்கம் ஒரு முழம் நகர்த்தினான். அம்பு நேராகக் கதிரின் நெஞ்சைப் பார்த்தது.

"டேய், நானுடா! மரம் அங்க இருக்குதுடா!"

கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது, கதிர் ஒரு பக்கம் பறந்தான். அம்பு ஒரு முழம் இடப்பக்கம் போனது. மரத்தின் நடுவில் பாதி வரைக்கும் இறங்கி நின்று ஆடியது.

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. சென்னம்மாள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். கௌதமன் சிரித்தான். இந்தத் தடவை நிறுத்தத் தோன்றவில்லை. கண்ணில் நீர் வரும் வரை சிரித்து, புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டான். பிறகு கூட்டத்தை விலக்கி அப்பாவிடம் போனான்.

"அப்பா, அடுத்த வருசமும் நானே உடறேன். நீங்க கையைப் பாத்துக்கங்க."

செங்கோடன் தலையை மட்டும் ஆட்டினார்.

திருநீறு வாங்க அந்தப் பக்கம் வந்த சாலம்மாள், அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றாள்.

"ஐயோ, கைக்கு என்னங்கய்யா ஆச்சு? வண்டி பஞ்சர்னு நேத்துக் காத்தாலகூட மரத்தை ஒத்தையாளாத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே போனீங்களே!"