அப்பப்பாவின் ஆசை

“மூன்று மாதச் சர்க்கரை அளவு அறுபத்தொன்று. போன முறை ஐம்பத்துநாலு. நாற்பத்தெட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்,” என்றாள் தாதி எமிலியா, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து.

புலம்பெயர்ந்து வந்து, ஹேர்னிங் நகரில் முப்பது வருடமாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இரத்தினசிங்கத்துக்கு அது தன் குற்றமாகத் தெரியவில்லை. “அப்பாவுக்கும் சலரோகம், அப்பப்பாவுக்கும் சலரோகம். நான் என்ன செய்யிறது?”

“தினமும் அரை மணி நடக்கலாம். இனிப்பைக் குறைக்கலாம்.”

அவர் காருக்குள் ஏறியதும் யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்குப் போன் எடுத்தார்.

“உங்கட அப்பப்பா இனிப்புக்கு ஆசைப்பட்டே போய்ச் சேர்ந்திட்டார். அந்த ஆசைதான் உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றார் சாத்திரியார். “அமாவாசைக்கு அமாவாசை அவருக்கு இனிப்புப் படையுங்கோ.”

மனைவி விமலராணி மோதகமும் பாயசமும் செய்தாள். படைத்து முடிந்ததும் கேட்டாள், “இவ்வளவையும் ஆர் சாப்பிடுறது? எனக்கு இனிப்பு ஒத்துவராது.”

“படைச்சதை எறியக் கூடாது.”

பதினொரு மோதகத்தையும் அவரே பொறுப்பெடுத்தார். காகத்துக்கு வைத்ததை ஹேர்னிங் காகங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. மழை வரப்பார்த்ததால் அதையும் எடுத்துச் சாப்பிட்டார்.

மூன்று மாதத்தில் அறுபத்தெட்டு.

“ஆசை பெரிசு போல. வெள்ளிக்கிழமையும் படையுங்கோ,” என்றார் சாத்திரியார்.

வெள்ளிக்கிழமையும் படைத்தார்கள். எழுபத்தாறு.

ஒருநாள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறை முழுக்க இரத்தம். சப்பாத்தின் அடியால் ஆணி ஏறியிருந்தது. எப்போது ஏறியதென்று அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவேயில்லை.

விமலராணி காயத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள், “அப்பப்பா சாப்பிடேல்லை. நீங்கள்தான் சாப்பிடுறியள்.”

“இது இரத்தத்தில வந்தது. அவையள் விட்ட பிழைக்கு நான் கிடந்து படுறன்.”

நாலு மாதக் கர்ப்பிணியான மகள் மேனுஜா, மேசையடியில் இருந்து வைத்தியசாலைப் படிவத்தைப் போனில் நிரப்பிக்கொண்டிருந்தாள். “குடும்பத்தில ஆருக்குச் சலரோகம் எண்டு கேட்டிருக்கு.”

“அப்பப்பாவின்ரை பேரை எழுது. அவராலதான் எல்லாம்,” என்றார் இரத்தினசிங்கம்.

மேனுஜா நிமிராமலே சொன்னாள், “இது என்ரை பிள்ளையின்ரை முன்னோரைக் கேக்கிற படிவம், அப்பா. உங்கட பேரை எழுதிட்டன்.”