நாற்பத்திரண்டு சம்பத்

என் மச்சான் சம்பத்தை எங்கள் குடும்பத்திலிருந்து நீக்கிவிடுவது என்று 2007ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். ஆளை இல்லை. போட்டோக்களிலிருந்து.

காரணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. என் மகள் பிரீத்தி திருப்பதியில் எம்.சி.ஏ. படித்து, சுரேஷ்பாபுவைக் கட்டிக்கொண்டு, நியூஜெர்சியில் குடியிருக்கிறாள். எங்கள் பழைய போட்டோக்களுக்கு எல்லாம் பிரதி எடுத்துக் கொண்டுபோய் அந்த வீட்டுக் கூடத்தில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறாள். அன்றைக்குப் போனில் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள்.

"நைனா, பக்கத்து வூட்ல ஒரு தெலுங்கம்மா கீறாங்க. போட்டோவப் பாத்துட்டு, உங்க நைனா எவ்ளோ அழகா கீறாருன்னு ஒரே புகழ்ச்சி."

"அப்படியா?" மீசையைத் தடவிக்கொண்டேன்.

"அவங்க காட்டினது சம்பத் மாமாவ."

கையை மீசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

"அது எங்க நைனா இல்லன்னு நீ சொல்லலியா?"

"சொன்னேனே. அப்ப உங்க நைனா எதுல கீறாருன்னு கேட்டாங்க. நானும் தேடிக்கினே போறேன், ஒண்ணுலயும் உன்னக் காணோம் நைனா!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்ததும் காலண்டரைப் பார்த்தேன். ஆவணியில் பேத்திக்கு முதல் பிறந்தநாள். ஊரே வந்து அந்தச் சுவரைப் பார்க்கும். அந்தக் குழந்தை சம்பத்தைப் பார்த்து, தாத்தா என்று கையை நீட்டி வளரும். நான் யார்? நகரியில் நாலு தறி வைத்துக்கொண்டு இவளைப் படிக்க வைத்த ஏதோ ஓர் ஆள்.

நான் ஏன் ஒன்றிலும் இல்லை என்று கேட்பீர்கள். சம்பத் என் மனைவி ருக்மணியின் அண்ணன். மூத்தவர் என்பதால் 'அவர்' என்கிறேன். மனசுக்குள் வேறு வார்த்தை வைத்திருக்கிறேன். 1980ல் குவைத்துக்குப் போனார். 83ல் முதல் லீவுக்கு வந்தபோது ஒரு கேமரா கொண்டுவந்தார். எங்கள் தெருவே கூடிப் பார்த்தது. அதை எடுத்து என் கையில் கொடுத்து ஒரு வார்த்தை சொன்னார்.

"மாப்ளே, உன்னுது தறி ஓட்ற கை. ஆடாது. நீயே எடு."

அந்தப் புகழ்ச்சியில் மயங்கினேன். இருபத்து மூன்று வருஷம் தெளியவில்லை. அவர் லீவில் வந்தபோதெல்லாம் காதுகுத்து, பொங்கல், புதுமனை, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றிலும் நடுவில் சம்பத். பூப்போட்ட குவைத் சட்டை, கூலிங் கிளாஸ், பக்கத்தில் என் பெண்டாட்டி, தோளில் என் மகள். எதிர்ப்பக்கம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நான். பிரீத்தி கல்யாண ஆல்பத்திலாவது இருப்பேனே என்றால், இருக்கிறேன். தாரை வார்க்கக் குனிந்தபோது என் முதுகு நன்றாக விழுந்திருக்கிறது.

பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். அங்கே ஹரிபாபு என்பவர் டிஜிட்டல் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பத்து நாளில் கம்ப்யூட்டரில் ஆல்பம் செய்யக் கற்றுத் தருவதாக போர்டு மாட்டியிருந்தார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இருபது வயசு. நான் ஐம்பத்தேழு. ஆனால் அவர்களில் ஒருவருக்கும் என் வெறி கிடையாது.

"பாலசுந்தரம்காரு, ஆள வெட்டறதுன்னா சும்மா இல்லண்டி," என்றார் ஹரிபாபு. "படத்தப் பெருசாக்கி, ஓரத்தோடவே போவணும். கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ள. அப்புறம் ஓரத்த லேசா மங்க வுடணும். ஒட்டினதே தெரியாது. ஆளுக்கொரு லேயர். கண்ணாடித் தாள் ஒண்ணு மேல ஒண்ணு வெச்ச மாதிரி. அர்த்தமாயிந்தா?"

அர்த்தமாயிற்று. ஊடும் பாவும் பார்த்த கண்ணுக்கு ஓரம் பிடிபடாதா? பத்தாவது நாள் ஒரு சம்பத்தைக் கால் மணி நேரத்தில் வெளியே எடுத்துவிட்டேன்.

பிரீத்தி விட்டுப்போன கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. ஒரு ஸ்கேனர் வாங்கி வேலையைத் தொடங்கினேன். மொத்தம் நாற்பத்திரண்டு படம். ருக்மணி பின்னால் வந்து நின்றாள். போர் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னா பண்றீங்க?"

"உங்கண்ணன எடுக்கறேன்."

"எங்கேர்ந்து?"

"போட்டோலேர்ந்து. அந்த எடத்துல நான் நிக்கப்போறேன்."

மவுஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நிக்கவேண்டியதுதான். நீங்கதானே இந்த வூட்டு ஆம்பள?"

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். நாற்காலியிலிருந்து விழாதது ஆச்சரியம்.

"ஆனா ஒண்ணு," என்றாள். "கூடப் பொறந்தவரு. வெட்டித் தூக்கிக் கடாசிடாதீங்க. தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வையுங்க."

"வெச்சிட்டாப் போச்சு." ஜெயித்தவன் தாராளமாக இருக்கவேண்டும் அல்லவா?

அன்றிலிருந்து தினமும் காபியோடு வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். என் வேலையில் அவளுக்கு இவ்வளவு அக்கறை வந்து நான் பார்த்ததில்லை.

"காது ஓரம் கொஞ்சம் போய்க்கினு கீது பாருங்க."

"போவட்டும். வெளிய போற ஆளுக்குக் காது எதுக்கு?"

"ஓரம் பிசிறா இருந்தா உங்களத்தானே அசிங்கமா காட்டும்?"

வாஸ்தவம் என்று காதைச் சரி செய்தேன்.

"கூலிங் கிளாஸ் மேல ஒரு கீறல் கீது."

அந்தக் கீறலையும் துடைத்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் என் படம். இப்போதைய மூஞ்சி அந்தக் காலத்துக்கு ஒத்துவராது. என்னிடம் இருந்த ஒரே முழுப்படம் 82ல் எடுத்தது. பிரீத்திக்கு முதல் மொட்டை போடத் திருமலைக்குப் போனபோது நானும் முடி கொடுத்தேன். அங்கே ஒரு ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்டேன். மொட்டைத் தலை, மேலே சந்தனம், பல் தெரியச் சிரிப்பு. அதையே நாற்பத்திரண்டிலும் ஒட்டினேன்.

ருக்மணி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "பொங்கலுக்கும் மொட்ட. தீபாவளிக்கும் மொட்ட. இருவத்தி மூணு வருஷமா வேண்டுதல் தீரவே இல்லையா?"

எனக்கு ஒரு யோசனை மின்னியது. சம்பத்தின் முடிதான் சும்மா இருக்கிறதே!

"ஏங்க! அண்ணன் தலைய மட்டும் தொடாதீங்க!" என்று கத்தினாள். பிறகு குரலை இறக்கி, "காப்பி எடுத்து ஒட்டுங்க. முடி அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

காப்பி எடுத்தேன். குவைத் கிராப் என் தலையில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. சந்தனத்தைத் துடைத்தேன். பொங்கலுக்கு ஒரு சீப்பு வகிடு, தீபாவளிக்கு இன்னொன்று. ஆல்பம் பக்கங்களுக்குப் பின்னணி வேண்டும் என்றார் ஹரிபாபு. கண்ட பூவையும் பலூனையும் போடுவேனா? என் தறியில் நெய்த மாம்பழ மஞ்சள் சேலையையே ஸ்கேனரில் விரித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஜரிகைக் கரை. அவர் பார்த்துவிட்டு, திருப்பதியில் யாருக்கும் இது தோன்றவில்லை என்றார். சுவரில் மாட்டப் படங்களும் ஓர் ஆல்பமுமாக அச்சடித்து நியூஜெர்சிக்குக் கூரியர் போயிற்று.

பேத்தி பிறந்தநாளன்று போன் வந்தது.

"நைனா! சூப்பர்! பழசெல்லாம் கழட்டிட்டு இதத்தான் மாட்டியிருக்கோம். வந்தவங்க எல்லாம் உன்னத்தான் பாத்தாங்க. எல்லா போட்டோலயும் ஒரே மாதிரி சிரிக்கறாரே, நல்ல மனுஷன்னு அந்தத் தெலுங்கம்மா சொன்னாங்க. பாப்பா உன் மூஞ்சிமேல கைய வெச்சி தா, தாங்குது."

நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? அன்று சாயங்காலம் நகரி பஜாரில் நடந்தேன் பாருங்கள், எதிரே வந்த லாரி ஒதுங்கிப் போயிற்று.

ஐப்பசியில் சம்பத்துக்கு அறுபதாம் கல்யாணம். திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில் மண்டபம். நான் புது வேட்டி கட்டிக்கொண்டு, ஆல்பத்தின் இன்னொரு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் காட்டவேண்டும். முக்கியமாக அந்த அறுபது வயசு மாப்பிள்ளைக்கு.

மண்டப வாசலில் இருபதடி ஃப்ளெக்ஸ் நின்றது.

அதில் சம்பத். ஒரு சம்பத் இல்லை, நாற்பத்திரண்டு சம்பத். பூப்போட்ட சட்டை சம்பத், கூலிங் கிளாஸ் சம்பத், மீசை வைத்த சம்பத், எடுத்த சம்பத். ஒவ்வொரு காதும் எனக்குத் தெரிந்த காது. ஒரு கீறல் இல்லை. ஒரு பிசிறு இல்லை. பின்னால் என் தறியின் மாம்பழ மஞ்சள், சுற்றிலும் என் ஜரிகைக் கரை. அடியில் கொட்டை எழுத்தில்: அன்புக் காணிக்கை, தங்கை ருக்மணி, மாப்பிள்ளை பாலசுந்தரம்.

விருந்துக்கு வந்திருந்த ஹரிபாபு ஓடிவந்து கையைக் குலுக்கினார். "அம்மா சிடில போட்டுக் குடுத்தாங்கண்டி. நாப்பத்திரண்டு ஆளையும் நீங்களே வெட்டி வெச்சிட்டீங்க. எனக்கு அடுக்கற வேலைதான்!"

ருக்மணி பட்டுச்சேலையில் பக்கத்தில் நின்றாள்.

"எப்ப குடுத்தே?"

"வெள்ளிக்கெழம தாயார் கோயிலுக்குன்னு வந்தேனே, அன்னிக்குத்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா எங்கண்ணனுக்கு இவ்ளோ நுணுக்கமா செஞ்சிருப்பீங்களா?"

செய்திருக்க மாட்டேன். அதற்குள் சம்பத் மாலையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "மாப்ளே, எம்மேல இம்மாம் பாசம் வெச்சிகினு வெளிய காட்டாமயே இருந்துட்டியே!"

"ஆமா மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்வது? பை தோளில் கனத்தது. அதைத் திறக்கவே இல்லை.

ஆனாலும் நான் முழுசாகத் தோற்றுவிடவில்லை. குடும்பம் மொத்தமும் படம் எடுக்க மேடைக்குக் கூடியது. இது நிஜப் போட்டோ. வெட்டும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம். முதல் ஆளாக ஓடி நடுவில் போய் நின்றேன். வேட்டியைச் சரி செய்தேன். சொந்த முடியைக் கோதிக்கொண்டேன். மூன்று வரிசையும் நிரம்பியது. போட்டோகிராபரைத்தான் காணோம். பந்தியில் துன்னுகினு இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

சம்பத் சட்டைப் பையிலிருந்து புத்தம்புது டிஜிட்டல் கேமராவை எடுத்தார். ருக்மணி அதை வாங்கி என் கையில் வைத்தாள்.

"நீங்கதான் அப்புறமா ஒட்டிக்குவீங்களே. போய் எடுங்க."